மானி வாசிப்பு

பகலில் நான் வாழைச்சேனையில்
மின்மானி வாசிக்கிறவன்.
இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழித்து
துண்டில் எழுதி, கேற்றில் செருகி,
நாய் எழும்பமுன் அடுத்த வீடு.

இரவில் எழுதியவற்றை
இன்பராசா அண்ணனின் அச்சகத்தில் கொடுத்தேன்.
கவிதையை அவர் வாசிக்கவில்லை,
பக்கத்தை எண்ணினார். தொண்ணூற்றாறு.
"கடதாசி விலை தெரியுந்தானே தம்பி,
இந்த வெள்ளை இடத்தக் கொஞ்சம் குறைப்பம்."
கடதாசி ஆலைக்கு ரெண்டு மைல் தள்ளி நின்று
கொழும்பிலிருந்து லொறியில் வரும் கடதாசிக்கு
முற்பணம் கட்டினேன்.
வரிகளுக்கு நடுவே நான் விட்டிருந்த மூச்சில்
பதினாறு பக்கம் மிச்சம் பிடித்தார்.

முந்நூறு பிரதி. விலை எழுநூறு.
முதற்பிரதி வாங்கிய அரிசி ஆலை மீராமுகைதீன் ஹாஜியார்
உறையில் பத்தாயிரம் வைத்தார்,
படம் எடுத்து முடிந்ததா என்று கேட்டார்,
புத்தகத்தை மேடையிலேயே மறந்துவிட்டுப் போனார்.
அதை நான் மறுநாள் இன்னொருவருக்கு விற்றேன்.
நாற்பது இனாம்.
தொண்ணூறு கடைகளுக்கு, நூற்றுக்கு நாற்பது கழிவு;
காசு கேட்டால், "மறுகா வாங்க."
மிச்சம் கட்டிலுக்குக் கீழே.
மாரிக்கு முன் ஒருநாள்
கறையானுக்காக வெயில் காட்டுகிறேன்.

சூரிச்சிலிருந்து மைத்துனி ஜெயவதனி:
"மின்னூலாப் போடுங்க அத்தான்,
கடதாசி இல்ல, லொறி இல்ல, கறையான் இல்ல."

விலை கேட்ட பெட்டி வெறுமையாய் நின்றது.
கடதாசி இல்லாததுக்குக் கடதாசிக் காசு வாங்குவது களவு.
அச்சுக்கூலியைக் கழித்தேன்,
கட்டுக்கூலி, லொறி, கடைக்காரரின் நாற்பது,
ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டே போனதில்
கவிதைக்கென்று கடைசியில் நின்றது
பூச்சியம்.
வெட்கத்தில் தொண்ணூற்றொன்பது சதம் என்று போட்டேன்,
டொலரில்.

எங்கள் தெருவில் எவரிடமும்
கடல் கடந்து காசு கட்டும் அட்டை இல்லை.
மேல்வீட்டு ரீச்சர் மட்டும் கேட்டார்,
"பீடிஎஃப் இருந்தா அனுப்புங்களன்."
அனுப்பினேன்.
அவர் ஒரு பெருவிரலை அனுப்பினார்.

மாத முடிவில் ஜெயவதனியின் கணக்குக்கு அறிக்கை வந்தது.
விற்றது: மூன்று.
சந்தாக்காரர் வாசித்த பக்கம்: பதினொன்று.
பக்கத்துக்கு இத்தனை சதம் என்று
பாவித்த அளவுக்குக் கட்டணம்.
என் தொழிலை என்மேலேயே
யாரோ பிழையில்லாமல் செய்திருக்கிறார்கள்.
அடுத்த மாதம்: பூச்சியம்.
நாங்கள் என்றால் எழுதுவோம்,
வீடு பூட்டு.

பதினோராம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
பாசிக்குடா பஸ்ஸில் எழுதியது. மோசமில்லை.
சோறு ஆறியிருக்கலாம். பிள்ளை அழுதிருக்கலாம்.
பன்னிரண்டு நல்ல கவிதை,
அதுவரைக்கும் வந்திருக்கலாம்.

இன்றைக்குக் கல்குடா வீதியில் ஒரு வீடு.
மானி குசினிக்குள்.
"ரெண்டு பேன், ஒரு ஃபிரிட்ஜ்,
நாலாயிரத்தி நானூறு எப்பிடி வரும்?
மறுகாப் பாருங்க."
மறுகாப் பார்த்தேன். அதே எண்.
ஃபிரிட்ஜின் மேலே மாத்திரைப் போத்தல்,
ரெண்டு தேசிக்காய்,
என் புத்தகம்.
அதற்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு நின்றது
மார்ச் மாதத் துண்டு, என் கையெழுத்தில்.

எந்தக் கடை? கழிவு கொடுத்தானா?
இனாம் நாற்பதில் ஒன்றா, ஹாஜியார் மறந்ததா?
பின்னட்டைப் படத்தில் எனக்கு ஹெல்மெட் இல்லை.
அவர் என்னை ஏசிக்கொண்டே இருந்தார்.
எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள
ரெண்டு எட்டு வைத்தால் போதும்.

"அளவு சரிதான் அக்கா" என்றேன்.
ஏப்ரல் துண்டைக் கேற்றில் செருகாமல்
மடிக்காமல்
அவர் கையில் கொடுத்தேன்.